சுக்ரி சொல்லாத ஊர்

காலையில் எழுந்ததும் மோட்டார் போடுவேன். தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டால் அணைப்பேன். பால் பாக்கெட்டை வெட்டிக் காய்ச்சி டீ போடுவேன். முதல் நாள் சோற்றில் தயிர் ஊற்றி டப்பாவில் அடைப்பேன். சட்டையைத் தேய்ப்பேன். திண்டிவனம் ஸ்டேஷனுக்கு நடந்துபோய் விழுப்புரம் பாசஞ்சர் பிடிப்பேன். அங்கே ஒரு உர மொத்தக் கடையில் பில் போடும் வேலை. சாயங்காலம் அதே வழியில் திரும்புவேன். என் மனைவி போன வருஷம் தீபாவளிக்கு முன்னால் டெங்குவில் இறந்துபோனாள். அதற்குப் பிறகு இந்த வரிசை மாறவில்லை. மாறுவதற்கு ஒன்றும் இல்லை.

அந்தக் கார்த்திகைச் சனிக்கிழமை கடை லீவு. மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. டீயைக் குடித்துவிட்டுக் கீழே இறங்கினேன்.

கீழ் வீடு அப்பாதுரையுடையது. மாடியில் நான் வாடகைக்கு இருக்கிறேன். அவருக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. விதைப்புக்கு மல்லாட்டை உடைக்கிற காலம் அது. எண்ணெய்க்குப் போகிற மல்லாட்டையை மெஷினில் உடைத்துவிடலாம். விதைக்கு ஆகாது. தோல் உரிந்தால் முளைக்காது. கையால்தான் உடைக்க வேண்டும். ஈரக் காற்றில் மல்லாட்டை நமுத்துப்போய் லேசில் உடையவில்லை என்று கொட்டகையில் நாலைந்து பெண்கள் வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவர்களோடு முறம் வைத்துக்கொண்டு சொத்தை பொறுக்கிக்கொண்டிருந்தவர் தையல்நாயகி மேடம். அப்பாதுரையின் அக்கா. மொழியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வுக்குப் பிறகு தம்பி வீட்டுக்கு வந்துவிட்டார். இரண்டு முட்டியிலும் வலி.

"மேடம், ஒண்ணு கேக்கணும்" என்றேன்.

"கேளு ஜெஸ்வின்."

"எங்க சித்தப்பா சவரிநாதன் விழுப்புரத்துல ஒரு ஹோம்ல வார்டனா இருக்காரு. அங்க ஒரு பொம்பள இருக்குது. போன வருஷம் விழுப்புரம் ஜங்ஷன்ல அழுதுகினு நின்னத போலீஸ் கொண்டாந்து விட்டாங்களாம். இன்னா பேசுதுன்னு யாருக்கும் புரியல. ஹிந்தியும் இல்ல, தெலுங்கும் இல்ல. ஒங்ககிட்ட கேக்கச் சொல்லி வாய்ஸ் அனுப்பியிருக்காரு."

அப்பாதுரை மூட்டை தைத்துக்கொண்டிருந்தார். சாக்கு ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு சிரித்தார். "அக்கா, ஒனக்கு எத்தினி பாஷ தெரியும்னு கேக்கறாங்க பாரு."

இது அந்த வீட்டில் பழைய கேலி. மேடம் படித்தது மொழியியல் என்றதும் ஊரில் எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி அதுதான். டாக்டரைப் பார்த்து உனக்கு எத்தனை வியாதி இருக்கிறது என்று கேட்கிற மாதிரி என்று மேடம் சொல்வார்.

போனில் அந்தக் குரலைப் போட்டேன். ஒரு பெண் வேகமாகப் பேசினாள். நடுவில் அழுதாள். பின்னால் பாத்திரம் உருளும் சத்தம்.

மேடத்தின் கை நின்றது.

"இன்னொரு தபா போடு."

போட்டேன். மடியிலிருந்த முறம் சரிந்து பருப்பு முழுக்கத் தரையில் கொட்டியது. மேடம் குனியக்கூட இல்லை.

"ஐயோ, விதைப் பருப்பு" என்றாள் அப்பாதுரையின் மனைவி சித்ரா.

"பருப்பு கெடக்குது சித்ரா! டேய் அப்பாதுரை, எழுந்திருடா. வண்டி எடு. எனக்குத் தெரியும்டா இது. 'இல்லு'ன்னு சொல்றா பாரு. வீடு. தெலுங்கு மாதிரியே கேக்கும், தெலுங்கு இல்ல. 'என் வீடு, என் வீடு'ன்னு சொல்லிக்கினு இருக்கா. ஒரிசா மலையில நாலு வருஷம் நான் இந்தப் பேச்சுதான் பேசினேன்! ஜல்தி வாடா!"

முட்டி வலிக்காரர் முதல் ஆளாக வாசலில் நின்றார்.

*

மல்லாட்டை ஏற்றுகிற குட்டியானை வண்டிதான் இருந்தது. முன்னால் அப்பாதுரை ஓட்ட, நடுவில் மேடம், ஓரத்தில் நான். கதவு சரியாகச் சாத்தாது. விக்கிரவாண்டி வரை சாரல் என் தோளில் அடித்தது. மேடம் பேச்சை நிறுத்தவில்லை.

இவர்கள் திருவாமாத்தூரில் நிலம் வைத்திருந்த குடும்பம். அப்பா பேர் விருத்தாசலம். பெண்ணை விழுப்புரத்துக் காலேஜுக்கு அனுப்பினால் டீச்சராகி வருவாள் என்று நினைத்தார். மேடம் மொழியியல் என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒரிசா மலைக்குப் போய்விட்டார். நாற்பது வருஷத்துக்கு முன்னால். பஸ் நிற்கிற இடத்திலிருந்து ஒரு பகல் நடை. கையில் டேப் ரிக்கார்டர், பை நிறைய பேட்டரி. மலேரியா வந்து வந்து போயிற்று. ஊர்க் கிழவர்கள் நாலு பேர் சாயங்காலத்தில் கள்ளுக் குடுவையோடு உட்கார்ந்து இவருக்குப் பேச்சு சொல்லிக் கொடுத்தார்கள்.

"அந்தப் பாஷைக்கு இன்னா பேரு மேடம்?"

"மலைக்கு இந்தப் பக்கம் ஒரு பேர், அந்தப் பக்கம் வேற பேர். அவங்களக் கேட்டா 'எங்க பேச்சு'ம்பாங்க. எழுத்து கெடையாது. தமிழுக்குப் பங்காளி முறை. திரும்பி வந்து தடிமனா தீசிஸ் எழுதினேன். படிச்சவங்க மூணு பேரு. அதுல ரெண்டு பேரு திருத்தினவங்க."

"மூணாவது ஆளு?" என்றார் அப்பாதுரை.

"பைண்டிங் பண்ணவன். 'இன்னாம்மா எழுத்தெல்லாம் தல மேல புள்ளி வெச்சுக்கினு நிக்குது'ன்னான்."

அப்பாதுரை ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். அகராதி போட வேண்டும் என்று ஆரம்பித்ததையும் முடிக்கவில்லை என்றார் மேடம். பாடம் நடத்துவது, மீட்டிங், பையன்களின் ஹாஸ்டல் பிரச்சனை. முப்பது வருஷம் அப்படிப் போயிற்று. இவர் ஓய்வு பெற்றதும் டிபார்ட்மென்டையே வேறொன்றோடு சேர்த்துவிட்டார்கள்.

சட்டென்று என் கையைப் பிடித்தார். "ஜெஸ்வின், நான் மறந்திருந்தேன்னா? பேசி நாப்பது வருஷம் ஆச்சே. வாய் வரலன்னா?"

"வரும் மேடம்" என்றேன்.

*

ஹோமில் சவரிநாதன் சித்தப்பா குடையோடு கேட்டில் நின்றார்.

"வாங்கம்மா. நல்ல சமயத்துல வந்தீங்க. திங்கக்கெழம காலைல வண்டி வருது. மெட்ராஸ் மென்ட்டல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லி டாக்டர் எழுதிட்டாரு. எனக்கே மனசு கேக்கல."

"ஏன், பைத்தியமா அவ?"

"பேரு ஊரு சொல்லல. சோறு போட்டா தள்ளிவிட்டுடுது. கேட்டாண்ட ஓடுது, புடிச்சா கடிக்குது. டாக்டர் வேற எப்படிம்மா எழுதுவாரு? நாங்க ரோஸின்னு கூப்பிட்டுக்கினு இருக்கோம்."

அவள் பின்கட்டில், துணி காயும் கொடிக்குக் கீழே குத்த வைத்திருந்தாள். முப்பது வயது இருக்கும். யாரோ தானம் கொடுத்த பூப்போட்ட நைட்டி. மூக்கின் இரண்டு பக்கமும் குத்திய ஓட்டை, நகை இல்லை. நெற்றியில் பச்சை குத்திய கோடு. எங்களைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

மேடம் முட்டியைப் பிடித்துக்கொண்டு அவளுக்கு எதிரில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்து மெதுவாக ஏதோ சொன்னார். சின்ன வாக்கியம்.

அவள் அசையவில்லை.

மேடம் மறுபடி சொன்னார். இந்த முறை கொஞ்சம் இழுத்து, கடைசியில் குரலை மேலே தூக்கி.

அவள் மேடத்தின் வாயையே பார்த்தாள். கை நீட்டி உதட்டைத் தொட்டாள். பிறகு மடை உடைந்த மாதிரி பேச்சு வந்தது. மேடத்தின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கி உலுக்கிப் பேசினாள். மேடம் தலையாட்டினார், சிரித்தார், அழுதார். "இரு இரு, மெதுவா" என்று அவளிடம் தமிழில் சொன்னார். எங்களிடம் திரும்பி அந்த மொழியில் ஏதோ சொன்னார். யார் எந்தப் பக்கம் என்பதே அவருக்குக் குழம்பிவிட்டது.

"அக்கா, எங்களுக்குத் தமிழ்ல சொல்லு!"

"பேரு சுக்ரி! வெள்ளிக்கெழம பொறந்தவ! செங்கல் சூளைக்கு ஆள் கூட்டியாந்துருக்காங்க. ஜங்ஷன்ல தண்ணி புடிக்க எறங்கினா. ரயில் போயிடுச்சு. புருசன் அதுலயே போயிட்டான். ஊர்ல ஆறு வயசுப் பையன் இருக்கான், பேரு சனியா. டேய், எல்லாம் புரியுதுடா எனக்கு! ஒரு சொல்லு வுடாம புரியுது!"

சவரிநாதன் சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எந்த ஊருன்னு கேளுங்கம்மா. ஊரு தெரிஞ்சா நான் ஆஸ்பத்திரி வண்டிய நிறுத்திடுவேன். தெரியலன்னா என் கையில இல்ல."

மேடம் கேட்டார். சுக்ரி தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னாள்.

"பெரிய பாறையூர்" என்றார் மேடம். "அவ்ளோதான். கண்டுபுடிச்சிடலாம்."

ஞாயிறு சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று சொல்லி, தன் பொறுப்பில் சித்தப்பா அவளை எங்களோடு அனுப்பினார். நான் பின்னால் சாக்குகளின் மேல் உட்கார்ந்து வந்தேன். முன்னாலிருந்து இரண்டு பெண்களின் பேச்சும் சிரிப்பும் திண்டிவனம் வரை ஓயவில்லை.

*

"கடிக்குமாமே?" என்றாள் சித்ரா வாசலிலேயே. "அண்ணி, பொண்ணு இருக்குற வீடு. இப்படி வழியில போறதையெல்லாம் இட்டாந்தா எப்படி?"

"உன்ன ஒரு வருஷம் ஊமையாக்கி பூட்டி வெச்சா நீ கடிக்க மாட்டியா? நானே கடிப்பேன்" என்றார் மேடம். "கேப்பை மாவு இருக்குதா?"

கேப்பைக் கூழ் காய்ச்சி, கருவாடு சுட்டு, வெங்காயம் வைத்தார்கள். சுக்ரி குண்டானை முகர்ந்து பார்த்தாள். இரண்டு கையாலும் தூக்கி ஒரே மூச்சில் குடித்தாள். மறுபடி நீட்டினாள். மூன்றாம் தடவை சித்ராவே கேட்காமல் ஊற்றினாள். "பாவம், இதத்தான் தேடியிருக்குது. அங்க சாம்பார ஊத்தி ஊத்திக் கொன்னுருக்கானுங்க."

கொட்டகையில் மற்றவர்களோடு மல்லாட்டை உடைக்க உட்கார்ந்தாள். யாரும் சொல்லவில்லை. அப்பாதுரை அவள் உடைத்த பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்து, "ஒரு தோல் போவல. ரோஸியம்மாவ இங்கியே வெச்சுக்கலாமா?" என்றார்.

"சுக்ரி!" என்று மேடம் அதட்டினார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் சுக்ரி என்னைக் காட்டி ஏதோ கேட்டாள். மேடம் சொல்லத் தயங்கினார்.

"இன்னா மேடம்?"

"ஒண்ணுமில்ல. உம் பொண்டாட்டி எங்கன்னு கேக்கறா."

கூடத்தில் எல்லோரும் வேறு எங்கோ பார்த்தார்கள். ஒரு வருஷமாக அந்த வீட்டில் அந்தப் பேச்சே எடுப்பதில்லை. எனக்காகத்தான்.

"செத்துட்டான்னு சொல்லுங்க" என்றேன்.

மேடம் சொன்னார். சுக்ரி விடவில்லை.

"பேரு கேக்கறா."

"ஜெசி."

சுக்ரி அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். சரியாகவே சொன்னாள். பிறகு சாப்பிட உட்கார்ந்தோம். நான் மறுசோறு வாங்கினேன்.

*

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து பெரிய பாறையூரைத் தேடினோம். சுக்ரி பிறந்த ஊரையும் மேடம் கேட்டுப் பார்த்தார். அது அணையில் முழுகிப்போனது. அப்பா அம்மா இல்லை. அந்த அணைக்கு மேலே இருக்கிற மலையில்தான் கட்டிக்கொடுத்த ஊர். அதுவரைக்கும் தெரிந்தது. அப்பாதுரையின் மகள் கலைப்பிரியா, காலேஜ் படிக்கிறவள், போனில் மேப்பைத் திறந்து அந்த மலையைப் பிடித்துவிட்டாள். பச்சையாக ஒரு பரப்பு. அதில் பொடிப்பொடியாக நூறு ஊர்.

பெரிய பாறையூர் என்று அர்த்தம் வருகிற பேர் அதில் எதுவும் இல்லை. மேடம் ஒரிசாவில் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டார். அந்தப் பக்கத்தில் வேலை பார்த்த ஒரு தாசில்தாரையே பிடித்துவிட்டார். அவர் அடித்துச் சொன்னார். அந்தப் பேரில் ஊர் இல்லை. எப்போதும் இருந்ததில்லை.

மேடம் சுக்ரியிடம் மறுபடி மறுபடி கேட்டார். "புருசன் பேரு? மாமனார் பேரு? ஊர்ப் பேரு, சரியான பேரு?" புருஷன் பேர் கேட்டதும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாமனார் பேர் கேட்டதும் எழுந்தே போய்விட்டாள். அதற்குப் பிறகு மேடம் பக்கத்தில் போனாலே வாய் திறக்கவில்லை.

"டாக்டர் சொன்னதுதான் சரியோ?" என்று சித்ரா மெதுவாகக் கேட்டாள்.

மத்தியானம் மேடம் சாப்பிடவில்லை. "தப்பாப் புரிஞ்சுக்கறேனா? எனக்குத் தெரியும்னு நெனச்சதெல்லாம் தெரியாதா?" என்று என்னைக் கேட்டார். முகம் வெளுத்திருந்தது. "நாளைக்குக் காலைல வண்டி வந்துடும் ஜெஸ்வின். அங்க உள்ள போனா அவ அவ்ளோதான். வா, உங்க சித்தப்பாகிட்ட நேர்ல கேப்போம். இன்னும் ஒரு வாரம்."

சுக்ரியைக் கொட்டகையில் விட்டுவிட்டு விழுப்புரம் போனோம். சித்தப்பா கையைப் பிசைந்தார். அவருக்கு மேலே இருப்பவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆறு மணிக்குள்ள கொண்டாந்து உட்டுடுங்கம்மா. இல்லன்னா என் வேலைக்கே ஆபத்து வந்துடும்."

திரும்பும்போது மழை வலுத்தது. புது பஸ் ஸ்டாண்டு வாசலில் பஸ்கள் வெளியே வர வண்டி நின்றது. மேடம் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பஸ்ஸின் படியில் தொங்கிக்கொண்டு கண்டக்டர் கத்தினார்: "உளுந்தூர்பேட்ட, விருத்தாசலம்! விருத்தாசலம் விருத்தாசலம் விருத்தாசலம்! ஏறு ஏறு!"

மேடம் விலுக்கென்று நிமிர்ந்தார். அப்பாதுரையின் தோளில் ஓங்கி அடித்தார்.

"டேய்! அம்மா எப்பிடிடா டிக்கெட் வாங்கும்?"

"இன்னாக்கா?"

"அம்மாடா! மாமா வூட்டுக்குப் போறப்போ! விருத்தாசலத்துக்கு எப்பிடி டிக்கெட் கேக்கும்?"

அப்பாதுரை ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு சத்தமாகச் சிரித்தார். "'உளுந்தூர்பேட்டைக்கு அப்பால'ன்னும்! 'அப்பால இன்னாம்மா ஊரு'ன்னு கண்டக்டர் கேப்பான். 'பெரிய கோயிலு இருக்குதே, அந்த ஊரு'ன்னும். அவன் பேஜாராயி கத்துவான். நான் குறுக்க 'விருத்தாசலம்'னு சொன்னா தொடையில கிள்ளும். 'உங்கப்பன் பேர பஸ்ல நின்னு கூவறியாடா'ன்னு!"

"சாவற வரைக்கும் சொல்லலடா அம்மா. அப்பா பேருன்னு அந்த ஊரையே வாயில எடுக்கல. இவளும் அதத்தான்டா பண்றா! அது ஊர்ப் பேரு இல்ல. பெரிய பாறை இருக்குற ஊருன்னு அடையாளம் சொல்றா. மாமனார் பேரும் ஊர்ப் பேரும் ஒண்ணா இருக்கும். நான் தாசில்தார்கிட்ட பெரிய கோயிலூர் எங்க இருக்குதுன்னு கேட்டுக்கினு இருக்கேன்!" தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "வருஷா வருஷம் கிளாஸ்ல பாடம் எடுத்தவ நானு, பொம்பளைங்க சொல்லாத பேரப் பத்தி. எனக்குன்னு சொல்லக் கூடாத பேரு ஒண்ணும் இல்ல பாரு, புருசனும் இல்ல மாமனாரும் இல்ல. அதான் தோணல. எனக்குப் பேச்சு சொன்னவங்களும் கெழவனுங்க. அவனுங்க எந்தப் பேரையும் சொல்லுவானுங்க."

"சரிக்கா, இப்ப எப்பிடி அவ வாயிலேர்ந்து வாங்குறது?"

"அவ எதுக்குடா சொல்லணும்? நாம சொல்லுவோம். ஓட்டுடா!"

விக்கிரவாண்டி டோல்கேட்டில் அப்பாதுரை முதல்முறையாக மற்றவர்களை முந்திக்கொண்டு நுழைந்ததைப் பார்த்தேன். மேடம் என் மேல் சாய்ந்து ஜன்னல் வழியாகக் கையை நீட்டி எல்லோரையும் ஒதுங்கச் சொன்னார்.

*

கொட்டகையில் விளக்கு போட்டிருந்தது. சுக்ரி எங்களைப் பார்த்தும் நிமிரவில்லை. மல்லாட்டையை உடைத்துக்கொண்டே இருந்தாள். மேடம் அவளுக்கு எதிரில் முக்காலியில் உட்கார்ந்தார். அந்த மொழியில் ஏதோ சொன்னார்.

"இன்னா சொன்னீங்க அண்ணி?"

"இனிமே ஒண்ணும் கேக்க மாட்டேன்னேன். மன்னிச்சுக்கன்னேன். பிரியா, மேப்ப எடு. அணைக்கு மேல இருக்கிற ஊரெல்லாம் ஒண்ணு ஒண்ணாப் படி. சத்தமா."

கலைப்பிரியா படித்தாள். மேப்பில் இங்கிலீஷ் எழுத்து. அவள் ஒரு மாதிரி படிக்க, மேடம் அதை நாக்கில் திருப்பி மலைக்காரர்கள் சொல்வது போலச் சொன்னார். ஒவ்வொரு பேருக்கும் எல்லோரும் சுக்ரியைப் பார்த்தார்கள். உடைக்கிற பெண்களும் கையை நிறுத்திவிட்டார்கள். தகரத்தில் மழை.

ஒன்றும் இல்லை. அடுத்தது. ஒன்றும் இல்லை. ஒரு பேருக்கு அவள் நிமிர்ந்தாள். கலைப்பிரியா "ஆ!" என்றாள். சுக்ரி ஏதோ சொல்லிவிட்டுக் குனிந்தாள்.

"அங்கதான் சந்தையாம். பக்கத்துல வந்துட்டோம்! சந்தையச் சுத்தி இருக்கறதப் படி!"

"அத்தை, மணி ஆறு ஆயிடுச்சு" என்றாள் கலைப்பிரியா. என் போன் அடித்தது. சித்தப்பா. நான் எடுக்கவில்லை.

"படி பிரியா!"

கலைப்பிரியா படித்தாள். மேடம் திருப்பிச் சொன்னார். படித்தாள். சொன்னார். அப்பாதுரை சாக்கு ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு வாய்க்குள்ளேயே ஒவ்வொன்றையும் முணுமுணுத்தார்.

கலைப்பிரியா ஒரு பேரைப் படித்தாள். மேடம் சொன்னார்.

சுக்ரியின் கை மல்லாட்டைக் குவியலில் விழுந்தது. தலையில் போடத் துணி இல்லை. நைட்டிதான் போட்டிருந்தாள். இரண்டு பக்கமும் தேடினாள். பக்கத்தில் கிடந்த காலிச் சாக்கை இழுத்து, தூசியோடு தலையில் போட்டு முகத்தை மூடிக்கொண்டாள்.

அப்பாதுரை சாக்கு ஊசியைக் கீழே வைத்தார்.

"இன்னொரு தபா சொல்லட்டுமா?" என்றாள் கலைப்பிரியா.

"சொல்லாத! மாமனார் பேருடி! போதும்!" மேடம் முக்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து சாக்கோடு சேர்த்து அவளைக் கட்டிக்கொண்டார். சாக்குக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. சித்ரா, தன் மாமியாருக்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் போடாத குலவையைப் போட்டாள். உடைக்கிற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். பக்கத்து வீட்டிலிருந்து என்ன விசேஷம் என்று எட்டிப்பார்த்தார்கள்.

அந்தப் பேரை நானும் இங்கே எழுதவில்லை.

ஊருக்குக் கீழே ரோட்டோரத்தில் ஒரு செல்போன் ரீசார்ஜ் கடை மேப்பில் இருந்தது. நம்பரும் இருந்தது. மேடம் ஒரியாவில் பேசினார். கடைக்காரன் இரண்டு தடவை கட் பண்ணினான். மூன்றாம் தடவை "சுக்ரி, சனியாவோட அம்மா" என்றதும் அவன் கடையைப் போட்டுவிட்டு ஓடுகிற காலடி கேட்டது.

சித்தப்பாவுக்கு நான் பேசினேன். "சித்தப்பா, ஊரு கெடச்சிடுச்சு." எனக்கே என் குரல் வேறு மாதிரி கேட்டது. கத்தியிருக்கிறேன். "வண்டிய நிறுத்துங்க!"

"ஸ்தோத்திரம்! அவ ஊர்லேர்ந்து எனக்கு ஒரு ஆளு காட்டுடா, மேல இருக்கறவங்களுக்குக் காட்டிக்கறேன்!"

மறுபடி போன் வந்தபோது வீடியோவில் வந்தது. இருட்டு, மழை, டார்ச் வெளிச்சம். அதில் தலை நனைந்த ஒரு பையன். மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். பின்னால், சூளையிலிருந்து ஊர் திரும்பியிருந்த அவள் புருஷன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

சுக்ரி சாக்கைத் தள்ளிவிட்டுப் போனைப் பார்த்தாள். பிறகு பையனைத் திட்ட ஆரம்பித்தாள். விரலை நீட்டி நீட்டித் திட்டினாள்.

"மழையில ஏன்டா தலைய நனச்சுக்கினு வந்தன்னு கேக்கறா" என்றார் மேடம். அதற்கு மேல் அவரால் தமிழாக்க முடியவில்லை.

*

நாலு நாள் கழித்துப் புருஷனும் ரீசார்ஜ் கடைக்காரனும் வந்து கூட்டிப்போனார்கள். விழுப்புரம் ஜங்ஷனில் வழியனுப்பப் பெரிய கூட்டம். உடைக்கிற பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். சித்ரா தன் புடவை ஒன்றைக் கட்டிவிட்டிருந்தாள். அப்பாதுரை ஒரு சிப்பம் விதை மல்லாட்டையைப் புருஷனின் தலையில் ஏற்றினார். அவன் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே சுமந்தான்.

வடக்கே போகிற ரயில் வந்து நின்றது. சுக்ரி ஏறினாள். மறுபடி வாசலுக்கு வந்து மேடத்தின் கையைப் பிடித்து வேகமாக ஏதோ சொன்னாள். கையை விடாமல் இழுத்தாள். மேடம் சிரித்தார். ரயில் நகர்ந்தது. புருஷன் அவளை உள்ளே இழுத்துக்கொண்டான்.

அவள் என்ன சொன்னாள் என்பதற்கு ஊரில் பல கதை. மறுநாள் பேப்பரில், தமிழ்நாட்டுக்கு நன்றி சொல்லிக் கண்ணீர் மல்கினாள் என்று வந்தது. சித்தப்பா, ஆண்டவரைத் துதித்தாள் என்று கோயிலில் சாட்சி சொன்னார். சித்ரா, புடவையைத்தான் புகழ்ந்திருப்பாள் என்றாள். மேடம் அன்று வண்டியில் திரும்பும்போது வாயை இறுக்க மூடிக்கொண்டு வந்தார். கண் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

விக்கிரவாண்டி தாண்டியதும், "ஜெஸ்வின், போன்ல டிக்கெட் போடுவியா?" என்றார்.

"எங்க மேடம்?"

"அவ ஊருக்குத்தான். இந்த வாரமே. கெடைக்கலன்னா தட்கால்ல போடு."

"அக்கா!" அப்பாதுரை வண்டியை ஓரம் கட்டினார். "முட்டிய வெச்சுக்கினு மல ஏறப் போறியா? இன்னாக்கா ஆச்சு ஒனக்கு? அவ அப்பிடி இன்னாதான் சொன்னா?"

மேடம் சொன்னார். ரயில் வாசலில் நின்று அவர் கையை இழுத்துக்கொண்டு சுக்ரி உண்மையில் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"எங்க ஊர்ல செத்துப்போன கெழவனுங்க பேசின பேச்சு நீ பேசுற. இப்ப அப்பிடிப் பழைய மாதிரி பேச எங்க யாருக்கும் வராது. அத வாயில வெச்சுக்கினு இங்க இன்னா பண்ணிக்கினு இருக்க? ரயிலு நிக்குது பாரு, ஏறு."